கழற்றிய சாமான்

"கழட்டிப் பாக்காம ஒண்ணுஞ் சொல்ல முடியாதுங்க."

அவரை நினைத்தால் அவர் முகத்துக்கும் முன்னால் இந்தப் பேச்சுதான் நினைவுக்கு வரும். கார் மெக்கானிக். கோவை கணபதியில் நான் மோட்டார் காயில் சுற்றும் பட்டறைக்கு நேர் எதிரே அவருடைய ஷெட் இருந்தது. என் இருக்கை ஜன்னலோரம். பதினோரு வருடம் செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே அவரைப் பார்த்திருக்கிறேன். எனக்கு யாரிடமும் சட்டென்று பேச வராது. பார்த்துக்கொண்டிருக்க வரும். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அப்படி ஜன்னல் வழியாக வந்ததுதான்.

வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "என்னவாயிருக்கும்?" மற்ற மெக்கானிக்குகள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு எதையாவது சொல்லிவிடுவார்கள். இவர் பனியன் வேஸ்ட் என்னும் கழிவுத் துணியில் கையைத் துடைத்தபடி, "தெரியலீங்க. கழட்டிப் பாக்கோணும்" என்பார். கழற்றி, மாற்ற வேண்டியதை மாற்றிய பிறகு, எடுத்த பழைய சாமானைத் துடைத்துச் செய்தித்தாளில் சுற்றிச் சாவியோடு சேர்த்து வண்டிக்காரர் கையில் கொடுப்பார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார்.

"இத வெச்சு நான் என்னப்பா பண்ணுறது? ஊறுகாயா போடுறது?"

"என்னமோ பண்ணுங்க. உங்க வண்டில இருந்தது உங்களுதுங்க. எங்க தேஞ்சிருக்குதுன்னு ஒருக்காப் பாத்துப்போட்டுத் தூக்கி வீசுங்க."

சந்து முனைக் குப்பைத் தொட்டியில் செய்தித்தாள் சுற்றிய கிளட்ச் தட்டும் பேரிங்கும் எப்போதும் கிடக்கும். பழைய இரும்பு எடுக்கிறவர் அந்தத் தொட்டிக்கென்றே தனியாக ஒரு நடை வருவார்.

ஒருமுறை காங்கேயத்திலிருந்து ஓர் எண்ணெய் மில்காரர் பெரிய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். மகள் கல்யாணத்துக்கு ஊர் ஊராகப் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டும். இவர் இரண்டு நாள் வைத்திருந்து எல்லாவற்றையும் சரி பார்த்துக் கொடுத்தார். மில்காரர் கிளம்புவதற்கு முன், "இனி ஒண்ணும் ஆவாதல்லோ?" என்றார்.

"நாம் பாத்த வரைக்கும் நல்லாருக்குதுங்க. பாக்காததப் பத்தித் தெரியலீங்க."

"ஏம்ப்பா, நல்ல காரியத்துக்குப் போறேன். உன்ற வாயில ஒரு நல்ல வார்த்தை வராதா?"

"வண்டிக்கு வார்த்தை புரியாதுங்களே."

மில்காரர் முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த வருடமும் அவர் வண்டி இங்கேதான் வந்தது.

மெக்கானிக்கின் மனைவிக்குப் பித்தப்பையில் கல் இருந்து ஆபரேஷன் நடந்தபோது, டாக்டரிடம் விடாமல் கேட்டு, எடுத்த கற்களை ஒரு மாத்திரை டப்பாவில் வாங்கி வந்தார். அதை எங்கள் பட்டறைக்குக் கொண்டுவந்து காட்டினார். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். "நாத்தமெல்லாம் இல்லீங்க. பாருங்க, புளியங்கொட்டையாட்ட இருக்குது" என்றார். அவர் மனைவி ஷெட்டுக்குச் சோறு கொண்டுவரும்போது என்னிடம், "என்னையே கழட்டிப் பாத்துப்போட்டாரு அம்மிணி" என்று சொல்லிச் சிரித்தார்.

அப்பாவின் வண்டியை அவரிடம் சேர்த்துவிட்டது நான்தான். வெள்ளை நிறச் சின்னக் கார். அப்பா மில்லில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றபோது பழையதாக வாங்கியது. அதில் டக் டக் என்று ஒரு சத்தம். மூன்று பேர் மூன்று காரணம் சொல்லி மூன்று சாமானை மாற்றியிருந்தார்கள். சத்தம் போகவில்லை. இவர் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு, ஒரு நாள் முழுக்க ஒவ்வொன்றாகக் கழற்றினார். கடைசியில் முன்சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பியிலிருந்து அம்மாவின் சுண்ணாம்பு டப்பியை எடுத்தார். அதையும் துடைத்து, செய்தித்தாளில் சுற்றி, அம்மாவின் கையில் கொடுத்தார்.

"அடக் கருமமே, இதையா ஆறு மாசமா தேடுனேன்" என்றாள் அம்மா. அப்பாவைக் காட்டி, "இவரு எஞ்சினையே மாத்தோணும்னு நின்னாரு" என்றாள்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு அவர் சொன்னால் சொன்னதுதான். "அவன் வாயில பொய் வராது கண்ணு" என்பார்.

அப்பாவும் அம்மாவும் தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்தார்கள். நான் ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தோறும் போய்வருவேன். ஒரு ஞாயிறு நான் போனபோது அப்பா ஒரு டைரியில் ஊர்ப் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தார். கன்னியாகுமரி, திருச்செந்தூர், தூத்துக்குடி, ராமேஸ்வரம், தொண்டி, வேளாங்கண்ணி, கடலூர், மகாபலிபுரம். எல்லாம் கடற்கரை ஓரமாக. அப்பாவுக்கு எழுபத்தாறு, அம்மாவுக்கு எழுபது. அப்பாதான் ஓட்டுவாராம். பன்னிரண்டு நாள்.

"எதுக்குங்கப்பா இவ்வளவு தூரம்? டூர் பஸ்ஸுல போலாமல்லங்க?"

அம்மா பதில் சொன்னாள். "பஸ்ஸுல நாலு தடவை போயாச்சு கண்ணு. கோயில்ல ரெண்டு மணி நேரம் நிறுத்தறான், கடல்கிட்டப் போனா பத்தே நிமிசம். சீலை நனையறக்குள்ள விசில் ஊதிப்போடறான். இவருகிட்டச் சொல்லிப்போட்டேன், நா நிறுத்துன்னா நிறுத்தோணும், நா ஏறுனாத்தான் எடுக்கோணும்."

அதற்காக இரண்டு மடக்கு நாற்காலிகள் வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தாள். பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை.

அப்பாவுக்குக் கொஞ்ச நாளாக வண்டி ஓட்டும்போது ஏதோ சரியில்லை. பேரூர் ரோட்டில் பைக்கில் போன ஒருவனை உரசிவிட்டார். வீட்டு கேட்டின் இடப்பக்கத் தூணை இரண்டு முறை இடித்தார். கேட்டால், தூணைத் தப்பாகக் கட்டிவிட்டான் என்பார். அம்மாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை. அந்தக் கடற்கரை ரோட்டில் லாரிகள் எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இரவில் கண்ணை மூடினால் லாரிகள் வந்தன.

கிளம்புவதற்கு முன்பு வண்டியை ஒருமுறை சரிபார்க்க அப்பா ஷெட்டில் விட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் சோற்றுக்கு விட்ட நேரத்தில் நான் ரோட்டைக் கடந்து அங்கே போனேன். இத்தனை வருடத்தில் நானாகப் போய் அவரிடம் பேசியது அதுதான் இரண்டாவது தடவை.

"ஏனுங்கண்ணா, அப்பா வண்டி எப்படி இருக்குதுங்க?"

"நல்லாருக்குதுங்க அம்மிணி. சென்னை என்ன, அதுக்கு மேலயும் போவும்." கையைத் துடைத்தார். "வண்டி நல்லாருக்குது. ஓட்டறவருக்குத்தான் இடப்பக்கம் கண்ணு செரியாத் தெரியறதில்லையாட்ட இருக்குதுங்க."

"உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

என்னை வண்டியின் இடப்பக்கம் கூட்டிப்போனார். பம்பர், கதவு, கண்ணாடி, பின்சக்கரத்துக்கு மேலே என்று வரிசையாகக் கீறல். வலப்பக்கம் வந்தோம். ஒரு கோடுகூட இல்லை. அப்பாவின் கண்ணை யாரோ கழற்றி என் கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

"அவருகிட்டச் சொல்லிப்போடுங்க" என்றார். "கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒரு ஆக்டிங் டிரைவரப் போட்டுக்கிட்டுப் போகட்டும்."

"என்னால முடியாதுங்கண்ணா."

"செரி, நான் சொல்றேனுங்க. இந்தக் கீறலக் காட்டுனா ஒத்துக்குவாரு."

இங்கேதான் நான் தப்புச் செய்தேன். அவர் சொல்லியிருப்பார். அப்பா ஒரு நாள் கோபப்பட்டிருப்பார், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கம் பெரியவர்களிடம் உங்களால் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. சுற்றி வளைத்து வேறு ஏதாவது காரணத்தின் மேல் பழியைப் போடுவோம். மழை, நாள் சரியில்லை, வண்டி சரியில்லை. அதை மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கண்ணுன்னு சொன்னா ஒடஞ்சு போயிருவாருங்க. வண்டி மேல சொல்லிப்போடுங்கண்ணா. ஏதோ சாமான் வரோணும்னு சொல்லி இங்கயே நிறுத்தி வெச்சிருங்க."

"நல்லாருக்கற வண்டிய நல்லால்லைன்னு நாஞ் சொன்னதில்லீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் பார்த்தார்கள். அவர் பனியன் வேஸ்ட்டை எடுத்துத் துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

"ஒரு மாசம்" என்றார். "ஒரு மாசத்துக்குள்ள நீங்க அவருகிட்ட மெய்யச் சொல்லிப்போடோணும். அதுக்கு மேல என்னால வெச்சிருக்க முடியாதுங்க."

சரி என்றேன்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் என்று ஒரு சாமான். கையில் அடங்கும். பிரேக்கை மிதித்தால் எண்ணெயைத் தள்ளுவது அதுதான், அது இல்லாமல் வண்டியை எடுக்க முடியாது. அதைக் கழற்றி ஷெட்டின் மேல் பலகையில் வைத்துவிட்டார். பழைய மாடல், புதுசு வர நாளாகும் என்று அப்பாவுக்குப் போனில் சொன்னார். மறுநாளே அப்பா பஸ் ஏறி வந்துவிட்டார். ஜன்னலிலிருந்து பார்த்து நானும் எழுந்து போனேன்.

"பிரேக்குன்னா சாதாரணமா? செரி, வரட்டும், இருந்து போட்டுக்கிட்டே போவோம்" என்றார் அப்பா. பிறகு கையை நீட்டினார். "கழட்டுனத எங்க? காட்டு, பாக்கலாம்."

பொட்டலம் கட்டிக் கொடுக்கும் அவருடைய பழக்கம் அப்பாவுக்குத் தெரியும். நாங்கள் இருவரும் அதை யோசிக்கவில்லை.

மேல் பலகையை அவர் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. "பழைய இரும்புக்காரன் எடுத்துட்டுப் போயிட்டானுங்க" என்றார்.

"என்னப்பா, ஊருக்கெல்லாம் பொட்டலங் கட்டிக் குடுக்கற, எனக்கு மட்டும் இல்லையா?" என்று அப்பா சிரித்தார். அவரும் சிரிக்கப் பார்த்தார். வாய் கொஞ்சம் அகன்றது, அவ்வளவுதான். அப்பா அவர் தோளில் தட்டிவிட்டு, "நீ சொன்னாச் செரி" என்று கிளம்பினார்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் ஜன்னல் பக்கம் திரும்புவதே இல்லை. வண்டிக்காரர்களுக்குப் பொட்டலம் கொடுக்கும்போது முன்பு போலப் பேசுவதும் இல்லை. சாவியையும் பொட்டலத்தையும் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

நான்கு ஞாயிறுகள் இருந்தன. முதல் ஞாயிறு சொந்தபந்தம், உறம்பரைக்காரர்கள் என்று வந்திருந்தார்கள். இரண்டாவது ஞாயிறு அப்பா டைரியில் எந்த ஊரில் எத்தனை மணி என்று எழுதிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஞாயிறு நான் சொல்வதற்கு வாயைத் திறந்துவிட்டேன்.

"என்ன கண்ணு, என்னமோ சொல்ல வந்தியாட்ட இருக்குது?"

"ஒண்ணுமில்லீங்கப்பா."

"மெக்கானிக்கு என்ன சொல்றான்?"

"இன்னும் வரலீங்களாமா."

நான்காவது ஞாயிறு வரவில்லை. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலையில் அம்மா சட்னிக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவி கையிலிருந்து விழுந்தது. எடுக்கப் போனாள், கை வரவில்லை. அப்பா கூப்பிட்டதற்கு வாய் கோணிக்கொண்டு பதில் வந்தது. பக்கவாதம். பக்கத்துத் தோட்டத்துக்காரர் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போயிருந்தார். ஆம்புலன்ஸ் வழி தெரியாமல் வேறு தோட்டத்துக்குள் நுழைந்து திரும்பி வந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, எத்தனை மணிக்கு ஆச்சு என்றுதான். அப்பா சொன்னார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார்.

வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது அப்பா ஒரே ஒரு முறை சொன்னார். "வண்டி இருந்திருந்தா அப்பவே கொண்டாந்திருப்பேன்."

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுவரில் கை கழுவும் முறை என்று ஒரு படம் ஒட்டியிருந்தது. அதில் எத்தனை கை என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பார்க்க வந்த உறம்பரை எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். "நல்ல வேளை, ரோட்டுல போறப்ப ஆவல. கடலோரத்துல எந்த ஆஸ்பத்திரின்னு தேடுவீங்க? சாமிதான் வண்டிய நிறுத்தி வெச்சுது." நான் தலையாட்டினேன். அவர்கள் கொடுத்த ஹார்லிக்ஸ் பாட்டில்களை வரிசையாக அடுக்கினேன்.

அம்மா வீட்டுக்கு வந்த நான்காம் நாள் மெக்கானிக் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார். அதற்கு முன் அவரைக் கிரீஸ் இல்லாமல் நான் பார்த்ததில்லை. டிக்கியிலிருந்து நாற்காலிகளை எடுத்துச் சுவரோரம் சாய்த்து வைத்தார். கட்டிலில் கிடந்த அம்மாவைக் கும்பிட்டார். அம்மாவின் ஒரு பக்கத்துக் கண்தான் அவரைப் பார்த்தது.

"புது சாமான் வாங்கிப் போட்டிருக்கறேனுங்க" என்றார் அப்பாவிடம். பிறகு நின்றபடியே, "பழசு நல்லாத்தான் இருந்துதுங்க. இரும்புக்காரன் எடுத்துட்டுப் போனான்னு சொன்னது பொய்யிங்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல. நாந்தான் நிறுத்தி வெச்சுப்போட்டேன்" என்றார்.

அப்பா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்கப்பா?"

அவர் குனிந்து வண்டிச் சாவியைக் கட்டில் ஓரத்தில் வைத்தார். நான் வாசற்படியில் காப்பித் தம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என் பக்கம் பார்த்திருந்தாலே போதும், அப்பாவுக்குப் புரிந்திருக்கும். அவர் பார்க்கவில்லை. நான் பேச வேண்டிய இடம் அது. காப்பி ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"எந்திரிச்சுப் போயிரு" என்றார் அப்பா, நின்றுகொண்டிருந்தவரிடம்.

கேட் வரைக்கும் அவர் பின்னாலேயே போனேன். இடப்பக்கத் தூணருகில் நின்று, தோள்பையிலிருந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினார். கனமாக இருந்தது.

"கழட்டுனது யாருதோ அவிய கையில குடுத்துரோணுமுங்க."

வண்டி அப்பாவுடையது என்று நான் சொல்லவில்லை. வாங்கிக்கொண்டேன். எல்லோரும் சொன்ன ஆறுதலை அவர் வாயிலிருந்தும் கேட்க வேண்டும் போல இருந்தது. அவர் சொன்னால் நான் நம்பியிருப்பேன்.

"ரோட்டுல போறப்ப ஆயிருந்தா இன்னும் மோசமாயிருக்குமல்லங்கண்ணா?"

யோசித்தார். எனக்காக உண்மையாகவே யோசித்தார். அவர் கை சட்டையில் பனியன் வேஸ்ட்டைத் தேடியது.

"தெரியலீங்க அம்மிணி" என்றார். "அதையெல்லாம் கழட்டிப் பாக்க முடியாதுங்களே. வாரேனுங்க."

பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்து போனார். அடுத்த பொங்கலுக்குள் ஷெட்டைக் காலி செய்துவிட்டார். மகள் வீட்டோடு அந்தியூர் பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். அந்த இடத்தில் இப்போது தண்ணீர் கேன் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் அதே ஜன்னலோரம்தான் உட்கார்ந்து கம்பி சுற்றுகிறேன்.

அப்பா வண்டி எடுப்பதில்லை. அதை அவரிடம் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு மடக்கு நாற்காலியைப் பிரித்து அம்மாவின் கட்டிலருகே போட்டுக்கொண்டார். இன்னொன்று உறை பிரிக்காமல் சுவரில் சாய்ந்திருக்கிறது. பொட்டலம் என் வீட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. பிரித்துப் பார்க்கவில்லை. தேய்மானம் எதுவும் இருக்காது என்று தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். அம்மாவைத் துடைத்து, புரட்டிப் படுக்க வைத்து, கஞ்சி கொடுக்கிறேன். அப்பா எல்லா வாரமும் கேட்பதில்லை. மாதத்தில் ஒரு முறையாவது கேட்டுவிடுவார்.

"பொய்யே பேசாதவன் கண்ணு அவன். என்ற வண்டிய மட்டும் எதுக்கு நிறுத்தி வெச்சிருப்பான்?"

அம்மாவின் வாயோரம் வழிவதைத் துண்டால் துடைக்கிறேன். அவளுடைய ஒரு பக்கத்துக் கண் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"தெரியலீங்கப்பா" என்கிறேன்.